மேத் லாங்வேஜ் ரொட்டீன்ஸ்: காசு கேட்காது, நேரம் கேட்கும்

‘ஃபைவ் லெஸ் தேன் எ நம்பர்’ என்பதைக் கணக்காக எழுதச் சொன்னால், ஆறாம் வகுப்பில் பல பிள்ளைகள் 5 − எக்ஸ் என்று எழுதுவார்கள். காதில் விழுந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதையே தமிழில் ‘ஓர் எண்ணைவிட 5 குறைவு’ என்று சொல்லிப் பாருங்கள். எண் முன்னால் வருகிறது, 5 பின்னால் வருகிறது. எக்ஸ் − 5 தானாக வந்து விழுகிறது. இந்தத் தப்புக்கு மறுபடி கழித்தல் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. சறுக்கல் இங்கிலீஷ் வாக்கியத்தில் இருக்கிறது.

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் 2021 இலையுதிர் காலக் கணக்கின்படி சுமார் 53 லட்சம் பேர் ‘இங்கிலீஷ் கற்போர்’ பட்டியலில் இருந்தார்கள். நூற்றுக்குப் பத்துக்கும் சற்று மேல். பெரும்பாலோர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவர்கள். பள்ளியில் சேர்க்கும்போது தரும் வீட்டு மொழிப் படிவத்தில் ‘தமிழ்’ என்று எழுதிய பெற்றோரின் பிள்ளைகளுக்கும் மொழித் தேர்வு வைத்துப் பார்ப்பார்கள். தேறாவிட்டால் அவர்களும் இதே பட்டியலில்தான். சான் பிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் தொடுத்த ‘லாவ் எதிர் நிக்கல்ஸ்’ வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றைக்கும் அடிப்படை: புரியாத மொழியில் எல்லாருக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் சமமாக நடத்தியதாக ஆகாது. ஆனால் கணக்கு டீச்சர் நாளை காலை வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தீர்ப்பு சொல்லாது. அதைச் சொல்லவந்த சரக்குகளில் உருப்படியானது ‘மேத் லாங்வேஜ் ரொட்டீன்ஸ்’.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் ஸ்வையர்ஸ் உள்ளிட்ட குழு 2017-இல் வெளியிட்ட ஆவணம் இது. கணக்கு வகுப்பில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய எட்டுப் பேச்சு, எழுத்து, வாசிப்பு முறைகள் இதில் உண்டு. தனியாகவும் இறக்கிக்கொள்ளலாம். அதே ஆண்டு ‘ஓப்பன் அப் ரிசோர்சஸ்’ என்ற திறந்த பாடநூல் வெளியீட்டாளர் வழியாக, ‘இல்லஸ்ட்ரேட்டிவ் மேதமேட்டிக்ஸ்’ என்ற அமைப்பு எழுதிய 6 முதல் 8 வரையான வகுப்புகளின் கணக்குப் பாடத்திட்டம் வந்தது. அதற்குள் இந்த எட்டும் பாடம் பாடமாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. திறந்த உரிமத்தில் வந்ததால் மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு நகலெடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம்.

ஆவணத்தின் முன்பாதி வடிவமைப்புக் கொள்கைகள். நான்கு இருக்கின்றன, ஒருமுறை படித்தால் போதும். சரக்கு பின்பாதியில்தான்.

எட்டிலும் உடனே பலன் தருவது ‘த்ரீ ரீட்ஸ்’. ஒரே வாக்கியக் கணக்கை மூன்று முறை வாசிப்பது. கேட்க அலுப்பாக இருக்கும். ஒவ்வொரு வாசிப்புக்கும் வேலை வேறு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்: ‘ஒரு பள்ளி மியூசியத்துக்குப் போகிறது. 172 மாணவர்களும் 11 ஆசிரியர்களும் போகிறார்கள். ஒரு பஸ் 44 பாசஞ்சர்களை ஹோல்ட் பண்ணும். எத்தனை பஸ் வேண்டும்?’

கடைசி வரியை மறைத்துவிட வேண்டும். முதல் வாசிப்பை டீச்சர் வாய்விட்டு வாசிப்பார். பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். கேள்வி ஒன்றே: இது எதைப் பற்றியது? ‘பள்ளிக்கூடம், பஸ், டூர்’ என்று வந்தால் போதும். ‘நூத்தி எழுபத்திரெண்டு’ என்று எவராவது ஆரம்பித்தால் அப்போதைக்கு ஓரமாக வைக்கச் சொல்ல வேண்டும். இந்த வாசிப்புக்கு எண்களையும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துவிடுகிற டீச்சர்கள் உண்டு, நல்ல பழக்கம். இரண்டாம் வாசிப்பில் எண்ணக்கூடியது, அளக்கக்கூடியது எவையெவை என்று பட்டியல் போட வேண்டும். இங்கேயும் மதிப்பு முக்கியமில்லை. ‘172’ என்று எழுதக் கூடாது, ‘மாணவர்களின் எண்ணிக்கை’ என்று எழுத வேண்டும். ‘ஒரு பஸ்ஸில் ஏறக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை’ என்று இன்னொன்று. மூன்றாவதில் கேள்வியைத் திறந்து காட்டி, விடை கண்டுபிடிக்கச் சொல்லாமல், எப்படி ஆரம்பிக்கலாம் என்று மட்டும் ஜோடியாகப் பேசச் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கில் பொறி ‘பாசஞ்சர்’ என்ற சொல்லில் இருக்கிறது. ஆசிரியரும் பாசஞ்சர்தானா? இல்லையென்று நினைத்த பிள்ளை 172-ஐ 44-ஆல் வகுத்து 4 பஸ் என்பாள். ஆம் என்று நினைத்தவள் 183-ஐ வகுப்பாள்; நான்கு பஸ்ஸில் 176 பேர்தான், மிச்சம் ஏழு பேருக்காக ஐந்தாவது பஸ். சாதாரண வகுப்பில் 4 என்று எழுதியவளுக்குச் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழும். ‘மீதியைக் கவனி’ என்று குறிப்பும் இருக்கலாம். அவள் மீதியை ஒழுங்காகக் கவனித்துத்தான் மூன்றை நான்காக்கியிருக்கிறாள். த்ரீ ரீட்ஸில் இந்தச் சந்தேகம் இரண்டாம் வாசிப்பிலேயே வெளியே வந்துவிடும், ஏனென்றால் ‘எந்த ஆட்களின் எண்ணிக்கை?’ என்று பட்டியலில் எழுதியாக வேண்டும். ‘ஹோல்ட்’ என்றால் கையில் பிடிப்பது என்று மட்டும் தெரிந்தவனும் அங்கேயே மாட்டுவான், அங்கேயே தெளிவான்.

முதல் தடவை பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். வாரம் இரண்டாகச் செய்தால் ஒரு மாதத்தில் ஆறு, ஏழு நிமிடத்துக்கு இறங்கும். இறங்காவிட்டால் மூன்று வாசிப்பையும் ஒரே மாதிரி நடத்துகிறோம் என்று அர்த்தம். இதுதான் அதிகம் நடக்கும் கோளாறு: டீச்சர் ஒருமுறை, வகுப்பு சேர்ந்து ஒருமுறை, ஒரு பிள்ளை எழுந்து ஒருமுறை. மூன்று வாசிப்பு ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லை. அடுத்த கோளாறு, இரண்டாம் வாசிப்பைச் ‘சாவிச் சொல்லுக்கு அடிக்கோடு போடு’ என்று மாற்றிவிடுவது. ‘ஆல்டுகெதர் என்றால் கூட்டு, ஃபியூவர் என்றால் கழி’ என்று வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரின் பழக்கதோஷம் அது. ‘மார்க்கோஸிடம் 12 கோலி. லீனாவைவிட அவனிடம் 4 ஃபியூவர். லீனாவிடம் எத்தனை?’ போஸ்டரை நம்பியவன் 8 என்பான். விடை 16. அந்த போஸ்டரைக் கழற்றிவிட்டு இந்த ரொட்டீனை ஆரம்பிப்பது உத்தமம். இரண்டும் ஒரே சுவரில் நிற்காது.

அடுத்து ‘இன்ஃபர்மேஷன் கேப்’. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்ததும் டீச்சருக்கு அதிகம் வேலை வைப்பதும் இதுவே. இருவரில் ஒருவரிடம் கேள்வி அட்டை, மற்றவரிடம் தகவல் அட்டை. கேள்வி அட்டையில் ‘தொட்டி நிரம்ப இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?’ என்று மட்டும் இருக்கும். தகவல் அட்டையில் தொட்டியின் கொள்ளளவு 240 லிட்டர், இப்போது உள்ள தண்ணீர் 60 லிட்டர், குழாய் நிமிடத்துக்கு 12 லிட்டர் ஊற்றும் என்று இருக்கும். அட்டையை மாற்றிக் காட்டக் கூடாது. கேள்விக்காரர் தேவையானதைக் கேட்க வேண்டும். தகவல்காரர் உடனே கொடுக்காமல் ‘அது உனக்கு எதற்கு?’ என்று கேட்க வேண்டும். ‘மொத்தத்திலிருந்து இருப்பதைக் கழித்தால்தான் பாக்கி தெரியும்’ என்று காரணம் வந்த பிறகே 60 வெளியே வரும். 180-ஐ 12-ஆல் வகுத்தால் 15 நிமிடம். விடையைவிட அந்தக் காரண வாக்கியம்தான் இங்கே அறுவடை. அதைச் சொல்லாமல் விளையாட்டு நகராது என்பதால், வாயே திறக்காத பிள்ளையும் திறந்தாக வேண்டியிருக்கிறது.

நடைமுறையில் என்ன ஆகும்? தகவல்காரர் பரிதாபப்பட்டு மூன்று எண்ணையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார். அல்லது கேள்விக்காரர் ‘உன்கிட்ட இருக்கிறதெல்லாம் சொல்லு’ என்பார். இரண்டுக்கும் மருந்து ஒன்று: தகவல் அட்டையில் கணக்குக்குத் தேவைப்படாத இரண்டு விவரங்களைச் சேர்த்துவிடுவது. தொட்டியின் உயரம் 1.2 மீட்டர், குழாய் காலை 7 மணிக்குத் திறக்கப்பட்டது என்பது மாதிரி. எல்லாவற்றையும் கேட்டு வாங்கியவர் எதை எடுப்பது என்று தடுமாறுவார். அடுத்த முறை யோசித்துக் கேட்பார். பாடத்திட்டத்தோடு வரும் அட்டைகளையும் இப்படிக் கைவைத்துத் திருத்திக்கொள்ளலாம், உரிமம் தடுக்காது.

இங்கிலீஷ் மிகக் குறைவாக உள்ள பிள்ளைக்கு முதல் சுற்றில் தகவல் அட்டையைக் கொடுப்பது நல்லது. எழுதியிருப்பதைப் பார்த்துப் பதில் சொல்வது எளிது, கேள்வியை உருவாக்குவது கஷ்டம். பார்ட்னர் எப்படிக் கேட்கிறார் என்று காதில் விழுந்த பிறகு, இரண்டாம் சுற்றில் அட்டையை மாற்றிவிடலாம். 28 பேர் வகுப்பில் இரண்டு சுற்றுக்கு 28 கேள்வி அட்டை, 28 தகவல் அட்டை, ஆக 56. ஒரு தாளில் நான்காக அச்சடித்தால் 14 தாள். இரண்டு வகைக்கும் இரண்டு நிறத் தாள் போட்டால் எவர் கையில் எது என்று தூரத்திலிருந்தே தெரியும். வெட்டுவதற்கு அரைமணி நேரம் போகும். லேமினேட் பண்ணி வைத்தால் அடுத்த வருடத்துக்கும் ஆகும்.

‘கலெக்ட் அண்ட் டிஸ்ப்ளே’ பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். பிள்ளைகள் ஜோடியாகப் பேசும்போது டீச்சர் அட்டையும் பேனாவுமாக நடந்து, அவர்கள் வாயிலிருந்து வரும் சொற்களை அப்படியே குறித்துக்கொள்கிறார். பிறகு அவற்றைச் சார்ட்டில் படத்தோடு எழுதி மாட்டுகிறார். சாய்வைப் பற்றிய பாடமென்றால் ‘மேலே மேலே போவுது’, ‘ஸ்டீப்’, ‘ஒவ்வொரு தடவையும் 3 கூடுது’ எல்லாம் ஏறும். பாடம் நகர நகர அவற்றின் பக்கத்திலேயே ‘ஸ்லோப்’ என்ற சொல் வந்து உட்காரும். இங்கே பெரிய தப்பு, டீச்சர் முதல் நாள் இரவே அழகான எழுத்தில் கலைச்சொல் பட்டியலைத் தயார் செய்து கொண்டுவருவது. அது வேறு சார்ட். பிள்ளையின் சொல் அதில் இல்லாததால் பிள்ளை அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதேபோல், பிள்ளை தப்பான இங்கிலீஷில் சொன்னதை எழுதும்போது இலக்கணத்தைத் திருத்துவதா என்று கேட்பார்கள். சார்ட்டில் ஏற்றும்போது சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். வகுப்பின் முன் திருத்தினால் அவன் அதோடு பேச்சை நிறுத்திவிடுவான்.

‘ஸ்ட்ராங்கர் அண்ட் கிளியரர் ஈச் டைம்’ எழுத்துக்கானது. முதலில் தனியாக ஒரு விளக்கம் எழுதுவது, பிறகு இரண்டு மூன்று பேரிடம் அடுத்தடுத்து அதைச் சொல்லிக்காட்டுவது, கடைசியில் திருத்தி எழுதுவது. ஒரு ஜோடிக்கு இரண்டு நிமிடம், டைமர் வைத்தே ஆக வேண்டும். ஒரு நிபந்தனை: இரண்டாவது ஆளிடம் பேசும்போது முதல் தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது. வாசித்தால் மூன்று முறையும் அதே வாக்கியம்தான் வரும், பெயரில் உள்ள ‘கிளியரர்’ வரவே வராது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘கோ-கிராஃப்ட் க்வெஸ்சன்ஸ்’ என்பது கேள்வியில்லாத சூழலைக் காட்டிப் பிள்ளைகளையே கேள்வி எழுதச் சொல்வது. புதிய யூனிட் தொடங்கும் நாளுக்குத் தோது. ‘கம்பேர் அண்ட் கனெக்ட்’ பல வழித் தீர்வுகளை ஒப்பிடுவது. நல்ல கணக்கு வாத்தியார்கள் காலம்காலமாகச் செய்துவருவதுதான். ‘கிளாரிஃபை, கிரிட்டிக், கரெக்ட்’ ஒரு தப்பான அல்லது அரைகுறையான விளக்கத்தைக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்கிறது. ‘பத்தால் பெருக்கினால் பின்னால் ஒரு பூஜ்யம் போடு’ என்ற வாக்கியம் இதற்குப் பிரமாதமாக வேலை செய்யும், 2.5-ஐக் கொடுத்தவுடன் 2.50 வந்து விதி உடைந்துவிடும். அந்தத் தப்பு விளக்கம் டீச்சர் எழுதியதாக இருக்கட்டும். வகுப்பில் உள்ள ஒரு பிள்ளையுடையதைப் பெயரை மறைத்துப் போட்டாலும் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

எட்டாவது ‘டிஸ்கஷன் சப்போர்ட்ஸ்’. இதில்தான் நமக்கு மனத்தாங்கல். அதன் பெரும்பகுதி வாக்கியச் சட்டங்கள்: ‘ஐ நோட்டிஸ்ட் ___’, ‘ஐ அக்ரீ பிகாஸ் ___’ போன்றவை. பாடத்திட்டத்தின் ஓரக் குறிப்புகளில் பல இடங்களில் மொழி உதவி என்பதே இந்தச் சட்டங்களாகச் சுருங்கிவிடுகிறது. சட்டம் இல்லாமல் ஆரம்பிக்க முடியாத பிள்ளைக்கு அது கைத்தடி; சரி. ஆனால் ‘ஐ அக்ரீ பிகாஸ் இட் இஸ் கரெக்ட்’ என்று நிரப்பினாலும் சட்டம் நிரம்பிவிடும். கணக்கின் உறவே சட்டத்துக்குள் இருந்தால்தான் பயன்: ‘ஒவ்வொரு ___-க்கும் ___ இருப்பதால், ___-ஐ ___-ஆல் பெருக்கினேன்’ என்பது போல. அதையும் மூன்று வாரத்தில் பாதியாக்கி, ஆறு வாரத்தில் கழற்றிவிட வேண்டும்.

குறைகள் இன்னும் உண்டு. இந்த ஆண்டு விமானத்தில் இறங்கிய பிள்ளைக்கு, மொழித் தேர்வில் முதல் நிலையில் இருப்பவருக்கு, எட்டு ரொட்டீனும் உயரத்தில் இருக்கின்றன. ஜோடிப் பேச்சு என்றால் பேச ஒரு வாக்கியமாவது வேண்டும். அந்த நிலைக்குப் படம், கைச்சாடை, அதே மொழிப் பார்ட்னர் ஆகியவற்றை டீச்சரே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பாடத்திட்டத்தின் மாணவர் பகுதிகள் ஸ்பானிஷில் கிடைக்கின்றன. எண்ணிக்கை அங்கே இருப்பதால் அது நியாயமே. ஒத்த சொல் உத்தியும் ஸ்பானிஷ் பிள்ளைக்கு நன்றாக உதவும்: ட்ரையாங்கிள், ட்ரியாங்குலோ. தமிழ்ப் பிள்ளைக்கு அப்படி ஒலி ஒற்றுமை கிடைக்காது, ஆனால் வேறொன்று கிடைக்கும். இருசமபக்க முக்கோணம் என்ற பெயரே வரையறை. ‘ஐசாசலிஸ்’ என்று பத்து முறை எழுதவைப்பதற்கு முன் அந்தத் தமிழ்ப் பெயரை வீட்டில் ஒருமுறை சொன்னால் பாதி வேலை முடிந்தது. ஸ்லைடின் ஓரத்தில் இதற்கு இடம் விட டீச்சருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எண் எழுதும் பழக்கத்துக்கும் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும். இந்தியாவில் படித்துவந்தவர் 1,50,000 என்று எழுதுவார். அதை டீச்சர் இடமதிப்புத் தவறு என்று குறிப்பார். கொலம்பியாவிலிருந்து வந்தவருக்கு 2,5 என்பது இரண்டரை. ‘த்ரீ-ஃபோர்த்ஸ்’ மேலிருந்து கீழே வாசிக்கப்படுகிறது. தமிழில் ‘நான்கில் மூன்று’, சீனத்திலும் கொரியத்திலும்கூடக் கீழ் எண்தான் முதலில். சொல்லக் கேட்டு எழுதும்போது தலைகீழாகிவிட வழி இருக்கிறது. ‘டென்ஸ்’, ‘டென்த்ஸ்’ இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய ஒலி பல மொழிக்காரர் காதில் விழுவதே இல்லை. சொல்லும்போதே போர்டில் 10 என்றும் 0.1 என்றும் காட்டிவிடுவது ஒன்றே வழி.

மொழிபெயர்ப்புச் செயலியை வைத்து ஒப்பேற்றலாமே என்பவர்களுக்கு: கதை வரிகளுக்கு உதவும், கணக்குச் சொற்களுக்கு ஆபத்து. சராசரியைக் குறிக்கும் ‘மீன்’, டேபிள், வால்யூம், அடியைக் குறிக்கும் ‘ஃபுட்’, ‘ரைட் ஆங்கிள்’ என்பதில் வரும் ‘ரைட்’, எல்லாவற்றுக்கும் அன்றாடத்தில் ஒரு பொருள், கணக்கில் இன்னொரு பொருள். எண்ணையும் வாக்கியத்தையும் எளிதாக்கித் தனி ஒர்க்‌ஷீட் கொடுப்பது அதைவிடப் பொல்லாதது. மொழி தெரியாதவருக்குக் கணக்கும் குறைத்துக் கொடுக்கப்படுகிறது, அந்தக் கடன் எட்டாம் வகுப்பில் வட்டியோடு வரும். இந்த ரொட்டீன்கள் கணக்கைக் குறைக்காமல் வைத்திருப்பதுதான் இவற்றின் உண்மையான பலம். தாய்மொழி ஒன்று, பாடமொழி இங்கிலீஷ் என்று நடக்கும் நம்மூர் இங்கிலீஷ் மீடியம் வகுப்புகளிலும் த்ரீ ரீட்ஸை அப்படியே எடுத்து நடத்தலாம்; 45 பேர் இருந்தாலும் அதற்கு அட்டை வெட்ட வேண்டியதில்லை.

எடுத்துப் பயன்படுத்துபவர் செய்யும் பெரிய பிழை, முதல் வாரமே எட்டையும் தொடங்குவது. பிள்ளைகளுக்கு விதிகளைக் கற்பதிலேயே நேரம் போய், கணக்கு நின்றுவிடும். முதல் நான்கு வாரம் த்ரீ ரீட்ஸும் கலெக்ட் அண்ட் டிஸ்ப்ளேயும் மட்டும். ஐந்தாவது வாரத்தில் இன்ஃபர்மேஷன் கேப், அதுவும் பத்து நாளுக்கு ஒருமுறை. அரைப் பருவம் போன பிறகு ஸ்ட்ராங்கர் அண்ட் கிளியரர். மற்றவை பாடத்திட்டத்தில் எதிர்ப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் ஒரு நாளைக்கு ஒரு ரொட்டீனுக்கு மேல் கொள்ளாது. அதற்கான பத்து நிமிடத்தை எங்கே எடுப்பது என்றால், பயிற்சிக் கணக்கு எட்டை ஐந்தாக்கித்தான். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடச் சின்னத் தேர்வில் கைவைக்கக் கூடாது. அதைத் திருத்தும்போது இரண்டு பேனா வைத்துக்கொள்வது உதவும்: கணக்குக்கு ஒரு நிறம், மொழிக்கு ஒரு நிறம், மதிப்பெண் முதல் நிறத்துக்கு மட்டும்.

தகவல் அட்டைகளை அச்சடிக்கும்போது பின்பக்கத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள். வகுப்பில் தமிழோ வியட்நாமியமோ அரபியோ பேசும் பிள்ளை இருந்தால், மூத்த மாணவரையோ பெற்றோரையோ கொண்டு அதே மூன்று வரியை அவர்கள் மொழியில் பின்னால் எழுதி வாங்கிவிடலாம். இங்கிலீஷ் பக்கம் முன்னால் இருக்கட்டும். சிக்கினால் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள்.